தண்ணீர் மட்டும் வைத்த இலை

இலையின் முன் அவன் நின்றான். கையில் எதுவும் இல்லை.

மற்ற இலைகள் நிரம்பிவிட்டன.

பூவாடைக்காரி படையல். வீட்டில் இறந்துபோன பெண்களுக்கு ஆளுக்கொரு இலை, ஒரு புதுச் சேலை. உயிரோடு இருந்தபோது எது பிடித்ததோ அது.

நாகு சித்திக்கு முறுக்கு. பிரசவத்தில் போன பெரியம்மாவுக்கு மாங்காய்.

இந்த வருடம் புதிதாக ஒரு இலை. சுகந்திக்கு. அவன் மனைவிக்கு.

"இன்னாப்பா நிக்கிற? அவளுக்கு இன்னா புடிக்கும்?"

பட்டு அத்தை. அப்பாவின் அக்கா. காலையில் அவள் அவனுக்குக் கொடுத்த காபி ஜன்னலோரம் ஆடை கட்டிக் கிடந்தது.

அவன் யோசித்தான்.

கல்யாணமான புதிதில் மசாலா பொரி. ரயில்வே கேட் பக்கத்து வண்டிக்கடை. இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழியச் சொல்லிச் சண்டை போடுவாள்.

அது வேறு யாரோ.

கடைசி வருடத்தில் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

டிப்ரஷன் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்றார் அப்பா. சிட்டி வியாதி. செல்போனைப் பிடுங்கிப் போடு.

அவன் பாதி நம்பினான். அவள் போன பிறகு முழுதாக நம்பினான். சிட்டி வியாதி என்றால் சிட்டியை விட்டு வந்துவிடலாம்.

அதனால்தான் மகளை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தான். பள்ளிக்கூடத்தை மாற்றினான். இங்கே மாடு இருக்கிறது. சத்தம் போட்டுப் பேசும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த வியாதிக்கு இந்த முகவரி தெரியாது.

மித்ரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவளுக்கு வைத்த இட்லி அப்படியே இருந்தது. நேற்றிரவு வைத்த சோறும்.

குழந்தைகள் சில நாள் சாப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான். அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

"வாயத் தெறந்து சொல்லு சாமி. பம்பைக்காரரு வந்துட்டாரு."

"கடைசியில அவளுக்கு எதுவுமே புடிக்கல அத்தே."

மெதுவாகத்தான் சொன்னான். கூடம் அடங்கிப்போகும் என்று நினைத்தான்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு இலையில் வைத்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? காந்தம்மாளுக்கு வெக்கற மாதிரி வெச்சிட்டுப் போறோம்."

வரிசையின் கோடியில் இன்னோர் இலை. அதிலும் தண்ணீர் மட்டும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். ஏதோ சாமிக்கு என்று நினைத்திருந்தான்.

"காந்தம்மா யாரு?"

"எங்க தாத்தாவோட தங்கச்சி. நல்லாத்தான் இருந்தாளாம். அப்புறம் சோறு வேணாம், தல வார வேணாம், யாருமே வேணாம். மோட்டுவளையப் பாத்துக்கினே கெடந்தாளாம். காத்துன்னாங்க, கருப்புன்னாங்க. வேப்பல அடிச்சாங்க. ஒரு நாள் போய்ச் சேந்துட்டா."

மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அப்பா இலைகளுக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தார். சுகந்தியின் இலைக்கு வைத்தார். காந்தம்மாளின் இலைக்கும் வைத்தார். வருடா வருடம் வைக்கிறவர். அவர் நிமிரவில்லை.

அத்தையின் தாத்தா காலம். இந்த வீட்டில் கரண்டே இருந்திருக்காது.

சுகந்தி வேறு ஊர்க்காரி. காந்தம்மாள் இந்த வீட்டில் பிறந்தவள்.

மித்ரா இரண்டு பேருக்கும் சொந்தம்.

பம்பை முழங்கியது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். இரண்டு பெயர்கள் வந்தபோது அவன் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தான். கைகள் எழவில்லை.

படையல் முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகள் இலைகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்த இலை என்பது அவரவர் விருப்பம். எப்போதும் முறுக்கு இலைக்குத்தான் அடிதடி.

"எல்லாத்தையும் முழுங்காதீங்கடா. ராத்திரி நாகு வந்து காதத் திருகுவா!"

அத்தை அதட்ட, பிள்ளைகள் சிரித்தார்கள்.

தண்ணீர் இலையில் யாரும் உட்கார்ந்ததில்லை. அது மாட்டுக்குப் போகும்.

மித்ரா எழுந்தாள்.

முறுக்கைத் தாண்டினாள். மாங்காயைத் தாண்டினாள்.

அம்மாவின் இலை முன் உட்கார்ந்தாள். டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் விரைந்து போனான். பிள்ளைகளுக்கு நடுவில் கையை விட்டு ஒரு முறுக்கை எடுத்தான். அவள் முன் வைத்தான்.

"சாப்பிடு கண்ணு. கொஞ்சம். அப்பாவுக்காக."

அவள் முறுக்கைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். சுகந்தியின் பார்வை இல்லை. சுகந்தி படுத்திருந்தபோது, அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் பார்வை.

முறுக்கை இரண்டாக உடைத்தாள். ஓரமாக நகர்ந்து, இலையில் அவனுக்கு இடம் விட்டாள். பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள்.

அவனுக்குப் பசிக்கவில்லை.

நேற்றும் பசிக்கவில்லை.

அவள் கையை மடக்கவில்லை.