முதல் பக்கத்துச் சொல்

சீன நகரமான சாங்ஷாவில் முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களின் ஆங்கிலச் சொல் புத்தகம் 'அபாண்டன்' என்றுதான் தொடங்கும். 'கைவிடு' என்று பொருள். பாதிப் பேர் அந்தச் சொல்லோடு படிப்பையே கைவிடுவார்கள். கெவெய் இரண்டு வருடமும் அங்கேயே கைவிட்டிருந்தான்.

"இந்த வருஷமும் முதல் பக்கத்தைத் தாண்டலன்னா என் நூடுல்ஸ் கடையில மாவு பிசையணும்" என்று அக்கா ஃபாங்லி எச்சரித்திருந்தாள்.

தேர்வு நெருங்கிய நேரத்தில் அறைக்குள் நுழைந்தவள், "அபாண்டன், அபாண்டன்" என்று தம்பி உருப்போடுவதைக் கேட்டாள்.

"டேய், இன்னும் அதே வார்த்தையா?"

"இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமாக்கா? பழைய பிரெஞ்சு. தன்னையே இன்னொருத்தர் கையில ஒப்படைக்கிறதுன்னு அர்த்தம்."

"ரொம்பப் பொருத்தம்! உன்னை என் கையில ஒப்படைச்சிடு." கையோடு கொண்டுவந்த ஏப்ரனை அவன் இடுப்பில் கட்டி இறுக்கினாள்.

கெவெய் தடுக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தான்.

"என்னடா இளிப்பு?"

"இந்தத் தடவை கடைசிப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சேன்க்கா. இன்னைக்குத்தான் முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்."

ஃபாங்லி புத்தகத்தைப் பிடுங்கி நடுவில் பிரித்து மூன்று சொல் கேட்டாள். மூன்றுக்கும் பதில் வந்தது.

ஏப்ரன் முடிச்சை அவளே அவிழ்த்தாள்.