ஒரு டப்பா வீட்டுச் சாப்பாடு

மனைவி குளியலறைக் கதவைச் சாத்தியதும் அவன் பைக்குள்ளிருந்த பொட்டலத்தைப் பிரித்தான். நேற்று அவள் சமைத்து மிச்சம் வைத்திருந்த உருளைக்கிழங்கு முட்டை வதக்கலில் வெள்ளைப் பொடியைத் தூவி, கையுறை போட்ட விரலால் பதமாகப் பிசைந்தான். வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. ஒரு வாய் உள்ளே போனால் கதை முடிந்தது.

"என்னங்க, அடுப்படியில என்னத்தை உருட்டிக்கிட்டு இருக்கீங்க?"

அவள் வந்து நின்றதே தெரியவில்லை. சட்டென்று கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். "ஒண்ணுமில்லை. நேத்து மிச்சத்தை டப்பாவுல போட்டேன். மதியத்துக்கு ஆகுமே."

"இன்னிக்கு வியாழக்கிழமை. கடைச் சாப்பாட்டு நாள்!" அவள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், விடைத்தாள் கட்டுகள் வீடு வரைக்கும் வந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி வீட்டுச் சமையல், மற்ற நாள் கடை என்று டீச்சரம்மா போட்ட சட்டம் அது.

"என்ன பண்றது, உன் கைப்பக்குவம் விடமாட்டேங்குதே."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அய்ய, ரொம்பத்தான்! உப்பு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்று டப்பாவுக்குள் விரலைக் கொண்டுபோனாள்.

பளாரென்று தட்டிவிட்டான். "தொடாதே!" "அது... என் பங்கு."

"பெரிய பங்கு! நீங்களே கொட்டிக்குங்க" என்று முறைத்துவிட்டு, விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதியக் கூட்டம் வடிந்து சாப்பாட்டுக் கடை பாதி மூடியிருந்தபோது அவன் போய்ச் சேர்ந்தான். வாராவாரம் கடை நாளெல்லாம் அவனுக்கு அங்கேதான். மாஸ்டர் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மூன்று பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். கையில என்ன டப்பா?"

அவன் ஒரு நொடி தயங்கினான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது கடை முதலாளி உத்தரவு. "வீட்டுச் சாப்பாடு."

"எங்க கடைக்கு வந்து வீட்டுச் சாப்பாடா? நல்லா இருக்கு சார் நியாயம்!" மாஸ்டர் சிரித்தார். "குடுத்து வச்சவரு. நாங்க ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு அதையேதான் திங்கிறோம். நாக்கு செத்துப்போச்சு."

உள்ளறையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். அவன் டப்பாவை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

முதலாளி கதவைச் சாத்தினார். "மருந்து கலந்தாச்சா?"

"வீட்டுலேயே கலந்துட்டேங்க."

"விஷம்னு சிவப்பு ஸ்டிக்கர் எதுவும் ஒட்டலையே? கடையில எலின்னு பேச்சு வெளியே போச்சு, இழுத்து மூட வேண்டியதுதான். நீங்க எலி பிடிக்கிற ஆளுன்னு மாஸ்டருக்குக்கூடத் தெரியக் கூடாது."

"ஒட்டலைங்க. எல்லாரும் போனதும் அரிசி மூட்டைக்குப் பின்னாடி நானே வச்சுடறேன்."

"போன வாரம் நம்ம கடைச் சாப்பாட்டுல கலந்து வச்சீங்களே, ஒண்ணுகூட மோந்து பார்க்கலையே?"

"தினம் அதையே தின்னா எலிக்கும் அலுத்துப்போகாதா? வீட்டுச் சமையல்னா விழுந்தடிச்சுக்கிட்டு வரும். ஆனா என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிஞ்சுது, எலிக்கு முன்னாடி என்னைக் காலி பண்ணிடுவா!"

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்னே அவன் வெளியே வந்தான்.

மேடையில் டப்பா இல்லை. தொட்டியோரத்தில் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

சுடச்சுட ஒரு தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு மாஸ்டர் ஏப்பம் விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு வாய் எடுத்துக்கிட்டோம்!"