ஃபில்டர் விழுங்கியது

தன்னைப் பிரித்துப்போட்டு வேலை பார்ப்பார்கள் என்று நினைத்தாலே அந்தச் சின்ன விமானத்தின் எஞ்சினுக்குக் குலை நடுங்கும். "நான் தேயறதை யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி," என்று ஆயில் ஃபில்டரிடம் கெஞ்சியது. ஃபில்டருக்கு மறுக்க மனசு வரவில்லை. எஞ்சின் தேய்ந்து உதிர்த்த இரும்புத் தூளையெல்லாம் விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அதைக் கழற்றினார். உள்ளே இரும்புத் தூள் சிக்கியிருக்கிறதா என்று அறுத்துப் பார்க்காமலே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினார். வடித்த ஆயிலை விரலில் தொட்டு, "சுத்தமா இருக்கு, தாராளமா ஓடும்," என்றார்.

எஞ்சினைக் கிளப்பியதும், "பறக்காதீங்கண்ணே! தூளெல்லாம் என் வயித்துலதான் இருக்கு!" என்று தொட்டிக்குள்ளிருந்து ஃபில்டர் கதறியது.

எஞ்சினுக்குக் கேட்டது. அது இன்னும் சத்தமாக உறுமியது.

விமானம் மேலேறிப் போனது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது ஃபில்டர்.