மைக் திரும்பிய பக்கம்

கிட்டாரின் மெல்லிய குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்று, காது கூர்மையான மைக்காகப் பார்த்து எடுத்து, கிட்டாரின் எதிரே ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்கள். கிட்டார் பாடியதை மைக் சொன்னது. ஓரத்திலிருந்த ஸ்பீக்கர் அதையே பெரிதாகச் சொன்னது. மைக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'அடேயப்பா, என் குரலா இது!' என்று மெல்ல ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டது.

"தம்பி, பாடுவது நான். இந்தப் பக்கம் பார்" என்றது கிட்டார்.

மைக் காதில் ஏறவில்லை. தான் சொன்னதையே கேட்டு, கேட்டதையே திரும்பச் சொன்னது. ஸ்பீக்கரும் விடவில்லை. வீலென்று எழுந்த அலறலில் அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது.

"கிட்டாருக்குச் சுருதி சேரவில்லை" என்றது மைக், எரிச்சலோடு.

"கிட்டாருக்குச் சுருதி சேரவில்லை" என்றது ஸ்பீக்கர், இன்னும் சத்தமாக.

மைக் கிட்டாரிடம் சொன்னது: "பார், அண்ணனும் அதைத்தான் சொல்கிறார்."