வியன்னாவில் ஒரு தலையாட்டல்

ராட்டினத்துக்கு எதிரில் வந்து நின்ற பிறகும் என் வீட்டுக்காரர் மெதோதி தலையை மேலும் கீழும் ஆட்டி, "ப்ச்" என்றார்.

எங்கள் பல்கேரியாவில் கைக்குழந்தைக்குக்கூட இதற்கு அர்த்தம் தெரியும். மாட்டேன்.

வியன்னாவில் எங்களுக்கு இதுதான் முதல் சாயங்காலம். கடைசியும் இதுதான். விடிந்ததும் சுற்றுலாப் பேருந்து மியூனிக் கிளம்பிவிடும்.

வந்து இறங்கியதிலிருந்து இந்த மனுஷன் வாயில் இந்த ஒரு "ப்ச்"தான். பெரிய தேவாலயத்துக்குள் போய்ப் பார்ப்போம் என்றேன். ப்ச். கால் வலிக்கிறதாம். எல்லாரும் காப்பிக் கடையில் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்களே, நாமும் போவோம் என்றேன். ப்ச். ஊரிலிருந்து நான் சுட்டுக் கொண்டுவந்த பனித்ஸாவைப் பையிலிருந்து எடுத்து, அரண்மனை வாசலில் நின்றபடியே தின்றார். சட்டையெல்லாம் பாலாடைக்கட்டித் துணுக்கு. எங்கள் வழிகாட்டிப் பெண் போர்யானா குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறாள், கூட்டம் அவள் பின்னால் ஓடுகிறது, அதற்கும் பின்னால் நொண்டிக்கொண்டு இவர், இவருக்காக நான். ஒன்றையும் உருப்படியாகப் பார்க்கவில்லை.

சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டேன். எனக்கு வேண்டியது இந்த ராட்டினம் மட்டும்தான்.

கல்யாணமான புதிதில் மெதோதி இந்த ஊரில் கட்டட வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ராட்டினக் கதைதான். சாரத்தின் மேல் ஏறி நின்றால் அது தெரியுமாம். ஒரு நாள் உன்னைக் கூட்டிப்போய் அதில் ஏற்றுவேன், உச்சியிலிருந்து நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்பார். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

அந்தச் சாரத்திலிருந்துதான் விழுந்தார். காலில் இரும்புத் தகட்டோடு ஊர் திரும்பினார். அதன் பிறகு ஏணியில்கூட ஏறியதில்லை. எங்கள் வீட்டில் செர்ரி பறிப்பதும் நான்தான், பல்பு மாட்டுவதும் நான்தான்.

பயம் என்று எனக்குத் தெரியாதா? அதைப் பயம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? சொல்ல மாட்டார்.

"இந்தத் தகர டப்பாவுல ஏறி என்னத்தடி பார்க்கப் போற? நம்மூர் மலை மேல நின்னா இதைவிட நல்லாத் தெரியும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப இங்கயே நில்லு. நான் தனியாப் போறேன். என் புருஷன் வியன்னாவுக்கு வந்து பைக்குக் காவல் நின்னான்னு ஊர் முழுக்கச் சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, தனியாக ஏறி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் ஒரு விரலைக் காட்டினேன்.

அவள் என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற மெதோதியைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்கு ஜெர்மன் தெரியாது. உங்களுக்குமா என்று கேட்டிருப்பாள்.

மெதோதி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் இரண்டு சீட்டுகளை நீட்டினாள்.

எனக்கு அத்தனை கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா மாட்டுனியா! இந்த ஊர்ல தலையை அப்படி ஆட்டினா சரின்னு அர்த்தம். போர்யானா பஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாளே, நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தியா?"

"எல்லாம் தலைகீழாப் பொறந்த ஜனங்க" என்று பல்லைக் கடித்தார். "வாங்கித் தொலைச்சாச்சு. நட, நட."

பெட்டி, ரயில் பெட்டி மாதிரி பெரிதாக இருந்தது. கூட ஏறியவர்கள் எல்லாரும் ஜன்னல்களில் போய் ஒட்டிக்கொண்டார்கள். மெதோதி நடுவில் இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நசுங்கிவிடும் போல வலித்தது. ஆனால் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பெட்டி மெல்ல மெல்ல மேலே போனது. மரங்கள் கீழே இறங்கின, பிறகு கூரைகள், பிறகு தேவாலயக் கோபுரம். வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. ஆறு ஒரு பக்கம் பளபளத்தது. அந்தச் சீட்டுப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். அவளுக்கு எங்கள் தலையாட்டல் புரியாமல் போனதால்தானே இதெல்லாம்.

உச்சிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கல்யாண விருந்துகளில் இரண்டு கிண்ணம் ரக்கியா உள்ளே போனதும் மெதோதி சொல்லும் கதை ஒன்று உண்டு. வியன்னாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி சிமெண்டு மூட்டையைக் காட்டி, மாடிக்குத் தூக்குவாயா என்று கேட்டானாம். இவர் மாட்டேன் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினாராம். மூட்டை தோளில் ஏறியதாம். மறுபடியும் கேட்டானாம், மறுபடியும் ஆட்டினாராம், மறுபடியும் மூட்டை. பொழுது சாயும்வரை சுமந்தாராம்.

"அன்னிக்குப் படிச்ச பாடம், செத்தாலும் மறக்காது" என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பார்.

கீழே அந்தப் பெண்ணிடம் தலையாட்டியபோது "ப்ச்" வரவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணைத் திறக்கவே இல்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

மெதோதி தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

எந்த ஊர்க் கணக்கில் ஆட்டினார் என்று நான் கேட்கவில்லை.