உமியோடு விழுந்த குறுநல்

"மச்சாள், இது அரிசியா, கோழித் தீனா?"

கதிர்காமத்தம்பி உள்ளங்கையை மங்கையற்கரசியின் முகத்துக்கு நேரே நீட்டினார். கையிலிருந்த அரிசியில் பாதி உடைந்த குறுநல்.

தேற்றாத்தீவில் நெல் குத்தும் மில் அவளுடையது. புருஷன் விட்டுவிட்டுப் போன பழைய இரும்பு மெசின். குத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு நொறுக்கும். கதிர்காமத்தம்பி ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர். அவளுக்கு மச்சான் முறை வேறு. ஆகவே ஏசுவதற்கு இரட்டை உரிமை.

"கல்முனையில றப்பர் உருளை மெசின் வந்திரிக்கி. ஒரு மணி உடையாது. உமியைத் தனியா ஊதித் தள்ளிரும். சங்கம் வாங்கித் தாறம். நீங்க இடத்தைத் தந்தாக் காணும்."

"வேணாம் மச்சான்."

"சும்மா தாறம் எண்டு சொல்றன்!"

"பழகின மெசின். இது காணும் எனக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியும். உடைசலில் பெரும்பகுதி உமியோடு சேர்ந்து மெசினுக்கு அடியில் விழும். அடியில் விழுவது மில்லுக்கு. இது முந்தின காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஆக, நெல் உடைய உடைய மில்காரிக்குத்தானே லாபம்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே எண்ட கதைதான்" என்றார் கதிர்காமத்தம்பி. "இந்தச் சண்டைக்குள்ள நாங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு வெள்ளாமை செய்றம். நீங்க இருந்த இடத்தில இருந்து அள்ளுறீங்க. மெசினுக்குள்ள இரிக்கிற அந்தப் பிளேட்டையாவது கொஞ்சம் தளர்த்துங்க. இறுக்கினா உடையும், தளர்த்தினா உடையாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

மங்கையற்கரசி ஸ்பானரை எடுத்துப் பிளேட்டைச் சற்றுத் தளர்த்தினாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள புது மெசினுக்கு ஓம் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி ஊர் நெல்லு முழுக்கக் களுவாஞ்சிக்குடி மில்லுக்குப் போகும்."

"போனாப் போகட்டும். மெசின் மாறாது."

சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

கதிர்காமத்தம்பிக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குறுநலை யாருக்கு விற்கிறாள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தார். மறுநாள் பகல் முழுக்க எதிரே தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தார்.

பொழுது சாயும் நேரம் முன்பின் தெரியாத பெண்ணொருத்தி தலையில் ஒரு பையுடன் மில்லிலிருந்து வெளியே வந்தாள்.

"ஆள் அகப்பட்டிட்டுது!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் சண்டை மூண்டபோது தோணிகளில் தப்பி வந்தவர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். போன மாதம் இவர்களுக்காகக் கோயிலில் அரிசி சேர்த்தார்கள். "அரசாங்கம் நிவாரணம் குடுக்குதுதானே" என்று சொல்லி ஒரே ஒரு சுண்டு அளவு அரிசியோடு முடித்துக்கொண்டவர் நமது தலைவர்.

"இஞ்ச பாரு புள்ள, இந்தக் குறுநலை ஆருக்கு விக்கப் போறாய்?"

அன்னப்பூரணி என்ற அந்தப் பெண் திகைத்துப் போனாள்.

"விக்கிறதா? இது எங்கட கூலி, ஐயா. மில்லைக் கூட்டி, உமியைச் சுளகில புடைச்சா வாற குறுநல் புடைச்சவளுக்கு. இஞ்ச இரிக்கிற பொம்பிளையள் முறை வைச்சுப் போறம்."

அவள் பையை அவிழ்த்து அடுப்பிலிருந்த பெரிய பானையில் குறுநலைக் கொட்டினாள். சுற்றிலும் பிள்ளைகள் சிரட்டையோடு காத்திருந்தார்கள்.

"நிவாரணம் வருதுதானே?"

"சில மாதம் வரும். வராத மாதம்?"

"ஊரில கேட்டாக் குடுப்பாங்களே."

சொன்ன பிறகுதான் அந்த ஒரு சுண்டு அரிசி அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்னப்பூரணி நிமிர்ந்து பார்த்தாள். "கொக்கட்டிச்சோலையில எங்களுக்கும் வயல்வட்டை இருந்திச்சு, ஐயா. எங்கட நெல்லில எத்தனையோ பேர் திண்டிருக்காங்க. பிச்சை மட்டும் எடுக்க மாட்டம். முதல்ல மில்கார அக்கா அரிசியாத்தான் கொண்டு வந்தா. வேணாமெண்டு திருப்பி அனுப்பிட்டம். அதுக்கு மறுகாதான் இந்த வேலையைத் தந்தா."

கதிர்காமத்தம்பி சைக்கிளைத் திருப்பினார்.

"வந்தனீங்க, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று சிரட்டையை நீட்டினாள். "என்னெண்டு தெரியா, இண்டைக்குக் குறுநல் குறைவு. தண்ணியாத்தான் இரிக்கி. குறை நினைக்காதீங்க."

அது ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரியும். பிளேட்டைத் தளர்த்தச் சொன்னவரே அவர்தானே. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாய் குடித்தார். மீதியைப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் சிரட்டையில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மில் வாசலில் ஊரே கூடி நின்றது. வண்டில்களில் நெல் மூட்டைகள். மங்கையற்கரசி 'ஓம்' என்றால் இங்கே இறக்குவது, இல்லையென்றால் களுவாஞ்சிக்குடிக்கு ஓட்டுவது.

அவள் எஞ்சினுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். "எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில்தான் மச்சான். மெசின் மாறாது."

"பாத்தீங்களா தலைவர், கொழுப்பை!" என்று கத்தினார் கூட்டத்தில் நின்ற இளையதம்பி. "வண்டிலைத் திருப்புவமா?"

கதிர்காமத்தம்பி தன் வண்டிலிலிருந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார். நேரே உள்ளே போய் மெசினடியில் இறக்கினார். சுவரில் தொங்கிய ஸ்பானரை எடுத்து மங்கையற்கரசியின் கையில் கொடுத்தார்.

"முதல்ல என்ட நெல்லைக் குத்துங்க மச்சாள். அந்தப் பிளேட்டை நல்லா இறுக்கிப்போட்டுக் குத்துங்க."