கவ்வ மாட்டேங்குது

தாய்ப்பால் கொடுக்கத் திணறும் பெண்களுக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊர் நூலகத்தின் பின்னறையில் உதவிக்கொண்டிருந்தாள் ட்ரேசி. இன்றைக்கும் புதிதாக யாரும் வராவிட்டால் குழுவுக்கான நிதியை நிறுத்திவிடுவோம் என்று நகராட்சி சொல்லியிருந்தது. நகராட்சியில் இருப்பவர்களுக்கு மார்பும் கிடையாது, மனசும் கிடையாது என்பது அவள் கருத்து.

கதவைத் திறந்து ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தான்.

"மன்னிச்சுக்குங்க. சரியா கவ்வ மாட்டேங்குது. உள்ள வரலாமா?"

ட்ரேசிக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"வா கண்ணு. இங்க எல்லாருக்கும் அதே ரோதனைதான். எந்தப் பக்கம் கவ்வல?"

"வலது பக்கம். கொஞ்சம் தேஞ்சிருக்கு."

மூலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜோடி என்ற பெண், "எனக்கு ரெண்டுமே தேஞ்சுபோச்சு" என்றாள். அவன் அவசரமாகக் கூரையைப் பார்த்தான்.

ட்ரேசி அவனிடம் தேநீரை நீட்டினாள்.

"தலையைப் பிடிச்சு அமுக்கினியா?"

"அமுக்கினேங்க. சுத்தியலால ரெண்டு தட்டும் தட்டிப் பாத்தேன்."

ட்ரேசி கோப்பையை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"எதைடா தட்டினே?"

"இந்த ரூம் கதவுத் தாழ்ப்பாளைத்தாங்க. இன்னைக்கே பூட்டை மாத்திட்டு சாவியைக் கொண்டாரச் சொன்னாங்க நகராட்சியில."

"ஆக, யாராவது வர்றாங்களான்னு பாக்காமலேயே பூட்டு வாங்கிட்டானுங்க" என்றாள் ஜோடி.

ட்ரேசி அவன் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இந்த விஷயத்துல அவசரமே கூடாது கண்ணு. சிலது கவ்வறதுக்கு ஆறு வாரம்கூட ஆகும். போய் அவங்ககிட்ட அப்படியே சொல்லு."

அவன் பிஞ்சுகளையும் தாய்மார்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். சுத்தியலைப் பைக்குள் போட்டான்.

"ஆறு வாரம் போதுமாங்க?" என்றான்.